ஜெபம் இல்லாத கிழமை

மிஷன் வீட்டின் முன்கதவைப் பகலில் சாத்துவதில்லை. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதிக் கிடக்கவில்லை. ஆனாலும் நாங்கள் மாற்றலாகிப் போன ஊர்களில் எல்லாம் அப்படித்தான் இருந்தது, கல்முனைக்கு வந்தபோதும் அப்படித்தான். விடிய எழும்பித் திறந்தால் படுக்கப் போகும்போதுதான் பூட்டு. கடும் மழைக்கு வேண்டுமானால் ஒரு பக்கத்தைச் சாத்தலாம். போதகர் வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தால் சனம் ஒன்று நினைக்காது, பத்து நினைக்கும். ஐயாவுக்கும் அம்மாவுக்கும் சண்டையாம் என்பது அதில் ஆகக் குறைந்தது.

ஐயா என்பது என் கணவர். அவர்தான் போதகர். அம்மா என்பது நான். அவருக்கு நியமனம் இருக்கிறது, மாற்றம் இருக்கிறது, வருடத்தில் சில நாட்கள் லீவும் இருக்கிறது. எனக்கு நியமனமே இல்லாதபடியால் லீவும் இல்லை. போதகரைக் கலியாணம் கட்டினேன். கட்டிய கையோடு பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி, ஓய்வுநாள் பாடசாலைக்கு ரீச்சர், செத்த வீட்டில் முதலில் அழுகிறவளைப் பிடித்துக்கொள்ளும் ஆள், எல்லாம் ஆனேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சேராத வேலையிலிருந்து விலகுவது எப்படி என்று பிற்காலத்தில் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வழி தெரியவில்லை.

குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. முக்கியமாக ஜெபம் பிடித்திருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டே அவரோடு கதைப்பேன். அவர் என்றால் ஆண்டவர். வீட்டுக்காரரோடு கதைத்ததைவிட அவரோடு கதைத்ததுதான் கூட. பதில் வருமா என்றெல்லாம் பார்த்ததில்லை. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும், பக்கத்து அறையில் ஆள் இருந்தால் தெரிவதுபோல.

அது எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. கரண்ட் போனால் அந்த நிமிசமே தெரிந்துவிடும். இது அப்படிப் போகவில்லை. ஒரு நாள் பாண்டிருப்பில் ஒரு சாவீட்டில், தகப்பனை இழந்த பெண்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வீட்டில் பருப்பை அடுப்பிலிருந்து இறக்கினேனா என்று யோசித்தேன். பருப்பை நினைத்ததில் பிழையில்லை, யாருக்கும் வருகிற நினைப்பு அது. ஆனால் அந்தப் பிள்ளை என் தோளில் அழுதுகொண்டிருந்தது எனக்கு எங்கேயும் படவில்லை. சப்பாணி கட்டி நெடுநேரம் இருந்து எழும்பினால் கால் இருக்கும், காலில் உணர்வு இருக்காது. நடக்கலாம். நான் அப்படி நடந்துகொண்டிருந்தேன்.

வேடிக்கை என்னவென்றால் என் ஜெபம் அதற்குப் பிறகுதான் நல்லாக வந்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லாதபடியால் தொண்டை அடைப்பதில்லை, சொல் தடக்குவதில்லை. குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறும், இறங்க வேண்டிய இடத்தில் இறங்கும். "அம்மா ஜெபிச்சாக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்" என்று ஆட்கள் சொல்லத் தொடங்கினார்கள். காரைதீவிலிருந்தும் ஆலையடிவேம்பிலிருந்தும் போன் வரும். போனிலேயே ஜெபிப்பேன். ஒரு கையில் போன், மறுகையில் அகப்பை.

இப்படிக் கேட்டவர்களில் ஒருத்தி நாள் தவறாமல் வருவாள். பாண்டிருப்புப் பக்கம் வீடு. அவளுடைய கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது, கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவள் விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்து, கல்முனைச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் கூடையோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். முன் விறாந்தையில் முழங்காலில் நிற்பாள். நான் அவள் தலையில் கை வைப்பேன்.

"ஆண்டவரே, இவளுடைய தேவைகள் எல்லாவற்றையும் அறிந்திருக்கிறீர்" என்று தொடங்குவேன். சுவரில் எறும்பு ஊர்ந்து போகும், அதைப் பார்த்துக்கொண்டே தொடர்வேன். சில நாட்களில் அவளுடைய வயிறு இரைவது கேட்கும். அவளுக்கு வெட்கமாக இருக்கும் என்று நான் குரலைக் கொஞ்சம் உயர்த்துவேன். ஆமென் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்புவாள்.

"நீங்க ஜெபிச்சா எனக்கு நெஞ்சு லேசாகுது அம்மா."

அவள் படலை தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவளுக்கு லேசானதில் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். அவளுடைய பாரத்தில் கொஞ்சமாவது எனக்கு வந்து ஏற வேண்டும். இரண்டும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. என் கையில் ஒன்றுமில்லை என்று ஒரு நாள் இவளுக்குத் தெரியவந்தால் இவள் எங்கே போவாள்?

இந்த வருத்தம் எனக்கு மட்டும் வந்ததில்லை என்று எங்கள் மேலிடத்துக்கும் தெரிந்திருக்கிறது. ஊழியத்தில் சோர்ந்துபோகாமல் இருப்பது எப்படி என்று மட்டக்களப்பில் ஒரு நாள் கூட்டம் வைத்தார்கள், போதகர்மாரின் மனைவிமாருக்கு மட்டும். நன்றாகப் பேசினார் ஒருவர். ஓய்வெடுக்கப் பழக வேண்டும், மாட்டேன் என்று சொல்லப் பழக வேண்டும் என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். மத்தியானம் சாப்பாடு பரிமாற ஆள் காணாது என்று வந்து கேட்டார்கள். நாங்கள் எல்லோரும் எழும்பிப் போனோம். பின்னேரம் பீங்கான் கழுவி முடித்துக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். அந்தக் கூட்டத்தில் இருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது கால் உளைவு மட்டும்தான்.

இந்தச் சில வருடங்களாக ஈஸ்டருக்கு முந்திய எங்கள் லெந்து தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பும் ஒன்றாக வருகின்றன. அந்த வருடமும் அப்படித்தான். பகலில் கடைத்தெருவே அடங்கிக் கிடக்கும். சாப்பாட்டுக் கடைகள் காலையில் பூட்டு, பின்னேரந்தான் உயிர் வரும். இடியப்பக்காரிக்குக் காலை யாவாரம் படுத்துவிட்டது. அதையும் என்னிடம் சொன்னாள். அதற்காகவும் ஜெபித்தேன்.

எங்கள் வீட்டுப் பின்வளவும் ஒரு முஸ்லிம் வீட்டின் பின்வளவும் முட்டிக்கொண்டு இருக்கின்றன. இடையிலுள்ள மதிலில் முந்தி யாரோ ஒரு சின்னப் படலை வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரிக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் அவவை ராத்தா என்பேன். அவவின் மகள் என்னிடம் ஆங்கிலம் படித்தபடியால் அவ என்னை ரீச்சர் என்பா. கணவருக்குக் கடைத்தெருவில் இரும்புக் கடை, மகன்மாரும் அங்கேதான். ராத்தா வீட்டில் இருந்து சட்டை தைப்பா. கறிவேப்பிலை, சட்டி, செய்தி எல்லாம் அந்தப் படலையால்தான் போய்வரும்.

நோன்பு தொடங்கிக் கொஞ்ச நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவ நோன்புக் கஞ்சி தந்துவிட்ட சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். குசினிக் கதவு சாத்திக் கிடந்தது. தட்டினேன். உள்ளே பீங்கானை அரக்கி ஒதுக்கும் சத்தம்.

"ஆரு?"

"நான்தான் ராத்தா."

"தனியவா?"

"ஓம்."

கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. ராத்தாவின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. வாயில் சோறு.

"உள்ள வாங்க. கதவச் சாத்துங்க."

உள்ளே போனேன். தரையில் பாய் விரித்து, சோறும் சூரை மீன் கறியும் முருங்கையிலைச் சுண்டலும். நான் பார்த்த பார்வையில் அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு இப்ப தொழுகை இல்ல ரீச்சர். நோன்பும் இல்ல. பொடியனுகள் வந்து பாத்தா வெக்கமாப் பெய்த்திரும். அதான் சாத்திப்போட்டுத் திங்கிற."

கல்முனையில் இருக்கிற பெண்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. மாதவிலக்கு நாட்களில் முஸ்லிம் பெண்கள் தொழுவதில்லை, நோன்பு பிடிப்பதில்லை. எனக்கும் தெரியும். ஆனால் சாத்திய கதவுக்கு உள்பக்கத்தில் நான் நின்றது அன்றைக்குத்தான்.

"நீங்களும் நோன்பா?" என்று ராத்தா கேட்டா.

"எங்களுக்கு வெள்ளிக்கிழமையில மட்டும்."

"அப்ப இரிங்க."

இன்னொரு பீங்கான் வந்தது. இருந்தேன். சாப்பிட்டேன். பாதிச் சோறு முடிந்த பிறகுதான் சாப்பாட்டு ஜெபம் செய்யவில்லை என்று நினைவு வந்தது. பிறந்து நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. கை ஒரு கணம் நின்றது. பிறகு மீன் முள்ளை எடுத்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டேன்.

பள்ளியில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ராத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டா, அவ்வளவுதான். எழும்பவில்லை.

"காதில கேக்கும், கால் எழும்பாது" என்றா. "அல்லாஹ் தந்த லீவு ரீச்சர் இது."

"மறுகா இதெல்லாத்தையும் சேத்துத் தொழ வேணுமா?"

"நோன்புக்குக் கழா இரிக்கி. பெருநாளைக்குப் பொறகு விட்ட நோன்பெல்லாத்தயும் புடிக்கணும். தொழுகைக்குக் கழா இல்ல. விட்டது விட்டதுதான்."

"திருப்பிச் செய்யத் தேவையில்லையா?"

"ஒவ்வொரு நாளும் உள்ளதத் திருப்பிச் செய்யண்டா ஆரால ஏலும்?" என்றுவிட்டு, "இன்னும் ஒரு துண்டு வைக்கட்டா?" என்று கேட்டா.

வையுங்க என்றேன்.

வெள்ளி தவிர அந்தக் கிழமை முழுக்கப் போனேன். மத்தியானம் ஆனால் கால் தானாகவே படலைப் பக்கம் போகும். சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்தேன். உண்மையில் ஒரு துணியும் கொடுத்திருந்தேன். அந்தக் குசினியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிடுவோம், மீன் விலையைத் திட்டுவோம், அவவின் மருமகளைப் பற்றி அவ சொல்வா, எங்கள் சபைச் செயலாளரைப் பற்றி நான் சொல்வேன். யாரும் என் முன்னால் முழங்காலில் நிற்கவில்லை. கடவுளைத் தெரிந்த இரண்டு பெண்கள் கடவுளோடு கதைக்காமல் இருந்து சோறு தின்றோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் எங்கள் வீட்டு முன்வாசலில் இருந்து "அம்மா, அம்மா" என்று ஆண்குரல் கேட்டது. ராத்தா என்னைப் பார்த்தா. நான் வாயில் விரலை வைத்தேன். ராத்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சோறு புரைக்கேறிவிட்டது. கூப்பிட்டவர் போய்விட்டார். பின்னேரம் விசாரித்தபோது, அவர் வந்தது பிறந்தநாள் வீட்டுக்கு மண்டபத்துக் கதிரைகள் இரவல் கேட்க.

இன்னொரு நாள் நானாகவே சொன்னேன்.

"ராத்தா, எனக்கு ஜெபம் வருகுதில்ல."

"எத்தின நாளா?"

"நாள் இல்ல. வருசம்."

ராத்தா கையை நிறுத்தினா. என்னவாவது சொல்லப் போகிறா என்று எனக்கு ஒரே எரிச்சல். ஆறுதல் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும், நானும் அந்த யாவாரந்தானே. அவ என் பீங்கானைப் பார்த்தா.

"சொதி ஊத்தட்டா?"

அன்றைக்கு அவவை எனக்குப் பிடித்ததுபோல் அந்த வருடத்தில் யாரையும் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு காலை, ஈரத் தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "குளிச்சிட்டன் ரீச்சர். லீவு முடிஞ்சிது." பிறகு குரலைத் தாழ்த்தி, "வயசு போகுது, இந்த லீவும் இனி எத்தின மாசத்துக்கோ" என்று சிரித்தா. அன்று மத்தியானமும் பழக்க தோஷத்தில் படலை வரைக்கும் போனேன். குசினிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அடுப்பு ஆறியிருந்தது. உள்ளே ராத்தா தொழுதுகொண்டிருந்தா. திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் பழஞ்சோறு இருந்தது, தின்ன மனமில்லை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியத்தின் உபவாச ஜெபம். லெந்து காலத்து வெள்ளிகளில் காலையில் கூடி, ஜும்ஆவுக்குச் சனம் றோட்டில் இறங்க முன்னம் முடித்துவிடுவோம். மண்டபத்தில் பாய் விரித்திருந்தது. பாட்டு முடிந்தது, வேதவாசிப்பு முடிந்தது. கடைசியில் தனித்தனியாக வந்து முழங்காலில் நிற்பார்கள், நான் கை வைத்து ஜெபிக்க வேண்டும். முதலில் வந்தவள் இடியப்பக்காரிதான்.

"அம்மா, அவருக்கு இந்தக் கிழமை சரியான ஏலாமை. காலெல்லாம் வீங்கிற்று. வழமையாச் செய்யிற ஜெபம் காணாது. நல்லா இறங்கி ஜெபியுங்க."

தலையில் கை வைத்தேன். தலை சூடாக இருந்தது. "ஆண்டவரே" என்றேன். அடுத்த சொல் ஆயத்தமாக நாக்கில் நின்றது. அதற்கு அடுத்ததும் நின்றது. எல்லாம் வரிசையாக நின்றன, நான் வாயைத் திறந்தால் போதும். அவள் என்னை நம்பிக் கண்ணை இறுக மூடியிருந்தாள். எனக்கு அருவருத்தது. அவளிலே அல்ல, அந்தச் சொற்களிலே. கையை எடுத்தேன்.

"எனக்கு இப்ப ஜெபம் இல்ல."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று தெரிந்தது. மண்டபத்தில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் முஸ்லிம் வீடுகளில் சினேகிதிகள் இருக்கிறார்கள். எல்லோரும் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் இருப்பார்கள். மேலே காற்றாடி கடகடத்தது.

இடியப்பக்காரி கண்ணைத் திறந்தாள்.

"அப்ப என்ர மனிசனுக்கு ஆர் ஜெபிக்கிற?"

"தெரியாது புள்ள."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் எழும்பி, கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அவசரமாகத் தொடங்கினா. எல்லோரும் சேர்ந்து சொல்லி முடித்தார்கள். கூட்டம் கலைந்தது. இடியப்பக்காரி யாரோடும் கதைக்காமல் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

யாராவது ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒருவரும் ஏசவில்லை. "அம்மாவுக்கு பிறஷர் கூடிற்றுப்போல" என்றா செயலாளர். லெந்து நாளில் பிசாசு சோதிப்பான் என்றா இன்னொருவர். அடுத்த புதன்கிழமை எனக்காக ஒரு விசேஷ ஜெபம் வைப்பதென்று அங்கேயே தீர்மானமானது. அதற்குத் தேத்தண்ணி ஒழுங்கு பண்ணும் பொறுப்பு வழமைபோல என்னிடம் வந்தது. ஓம் என்று தலையாட்டினேன், பழகிய தலை.

அடுத்த நாள் காலையில் இடியப்பக்காரி வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்கும் வரவில்லை. திங்கள், செவ்வாய், அவள் வருகிற நேரத்தில் நான் முன்கதவடியில் நிற்பதை நானே கண்டேன். ஒன்றும் செய்யாமல் நின்றேன். எறும்பு வழமைபோல சுவரில் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சுக்குள் எங்கோ ஒரு இடத்தில் குத்தியது. சின்னக் குத்தல்தான். மரத்த காலுக்கு உணர்வு திரும்பும்போது முதலில் அப்படித்தான் குத்தும் என்று தெரியும், ஆனாலும் எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. அவளுடைய மனிசனுக்கு என்ன ஆனதோ என்று மட்டும் யோசித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் என் கணவர் காரைதீவில் ஓர் அடக்க ஆராதனையை முடித்துவிட்டு வந்தார். விசேஷ ஜெபம் பின்னேரந்தான். வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"நீ சொன்னது எனக்கும் காதுக்கு வந்திற்று" என்றார்.

"செயலாளர்தானே?"

"ஆரா இருந்தா என்ன. எங்க கேட்டுப் பழகினாய் இந்தக் கதை?"

"ராத்தாட்ட."

சாத்திய குசினி, சூரை மீன், வாயில் விரல் வைத்தது, விட்டது விட்டதுதான் என்றது, எல்லாம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் குனிந்து சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரசங்கம் வரும் என்று காத்திருந்தேன். சபைக்கு முன்னால் அப்படிச் சொல்லலாமா என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பதிலும் ஆயத்தமாக வைத்திருந்தேன். நல்ல காரமான பதில்.

"உனக்கு ஒரு குசினி கிடைச்சிருக்கு" என்றார். "நான் எங்க போறது?"

எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

பெரிய வெள்ளிக்கு அவர் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு மொழிகள் மேலும் பிரசங்கம் பண்ண வேண்டும். நாலாவது மொழி, கைவிடப்பட்டவன் தகப்பனைப் பார்த்து ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்கிற கேள்வி. அதற்குமேல் ஒரு வரியும் தனக்கு வரவில்லை என்றார். இந்த வருடம் மட்டுமல்ல, போன வருடமும் அதற்கு முதல் வருடமும் பழைய பிரசங்கத்தைத்தான் தூசு தட்டிப் பேசியதாகச் சொன்னார். நான் முன் வாங்கில் இருந்து கேட்டவள், எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஒரே கட்டிலில் இரண்டு மரக்கட்டைகள் இத்தனை காலம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கின்றன, ஒன்றுக்கொன்று "ஸ்தோத்திரம்" சொல்லிக்கொண்டு.

எழும்பிப் போய் முன்கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன்.

பகல் நேரத்தில் அந்த வீட்டை அப்படி நான் கண்டதில்லை. திறந்த கதவு எந்நேரமும் மறைத்துக்கொண்டு நின்ற சுவர்த் துண்டு வெளியே தெரிந்தது. மற்றச் சுவர் வெளிறிப்போயிருக்க, அங்கே மட்டும் பச்சைப் பெயின்ற் அடித்த அன்றைக்குப்போல இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சனம் என்ன நினைக்கும்?"

"பத்து நினைக்கும். வந்து சாப்பிடுங்க."

குசினியில் பாய் விரித்தேன். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து இருந்தார். கை இரண்டும் தானாகக் கூடின, கண் மூடியது.

"இண்டைக்கு வேண்டாம்" என்றேன்.

கண்ணைத் திறந்தார். கூடிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார். பிறகு சோற்றைப் பிசைந்தார். அவர் பசியோடு சாப்பிட்டு நான் பார்த்துக் கனநாள்.

அப்போது முன்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அவர் அரைவாசி எழும்பிவிட்டார், ஒரு முழங்கால் தரையில். நான் அவருடைய பீங்கானில் இன்னொரு அகப்பை சோறு போட்டேன். திரும்பவும் தட்டுச் சத்தம். இந்த முறை மெதுவாக.

"அம்மா."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். நாலைந்து நாளாக நான் கதவடியில் நின்று பார்த்திருந்தது அந்தக் குரலைத்தான். அகப்பையோடு அப்படியே இருந்தேன். திறந்தால் முழங்காலில் நிற்பாள். நான் கை வைக்க வேண்டும். "இவளுடைய தேவைகள் எல்லாவற்றையும் அறிந்திருக்கிறீர்." பின்னேரம் தேத்தண்ணி. எல்லாம் பழையபடி. திறக்காவிட்டால் அவள் திரும்பிப் போவாள், இனி வரமாட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

எழும்பிப் போனேன். தாழ்ப்பாளைத் தூக்கி, ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தேன். அவள் கையில் ஆஸ்பத்திரிப் பை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பூட்டிக் கிடந்திச்சு. போவம் எண்டுதான் திரும்பினன்" என்றாள். "அவர ஆஸ்பத்திரி வாட்டில போட்டிருக்கு அம்மா. நான் ஜெபத்துக்கெண்டு..."

"உள்ள வா புள்ள. கதவச் சாத்து."

விளங்காமல் உள்ளே வந்தாள். சாத்தினாள். பழக்கத்தில் விறாந்தைத் தரையில் முழங்காலை மடிக்கப் போனவளைக் கையில் பிடித்துக் குசினிக்குக் கூட்டி வந்தேன். போதகர் கையில் சோற்றோடு இருப்பதைக் கண்டு பதறி முந்தானையை இழுத்து விட்டாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

அவளிடம் நான் அதை முன்பு ஒருநாளும் கேட்டதில்லை.

"விடிய தேத்தண்ணி குடிச்சன்" என்றாள். பிறகு, "காலமையில எனக்குச் சாப்பிடுற பழக்கம் இல்ல அம்மா. அவிக்கிறதெல்லாம் கடைக்குத்தானே."

பீங்கானை வைத்தேன். இருந்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். யார் ஜெபிக்கப் போகிறார்கள் என்று பார்த்தாள். "ஒருத்தரும் ஜெபிக்கல்ல, நீ சாப்பிடு" என்று அவர் சொல்லிவிட்டுக் குழம்புச் சட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

முதல் வாயைக் கூச்சத்தோடு எடுத்தாள். பிறகு கூச்சம் போய்விட்டது. குனிந்து வேகமாகச் சாப்பிட்டாள். நான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விறாந்தையில் அத்தனை காலையும் அந்த வயிறு இரைந்ததை நான் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தம் கேட்காமல் இருக்கத்தான் குரலை உயர்த்தி ஜெபித்திருக்கிறேன்.

சோறு முடிந்துபோனது. நான் எழும்பி, இன்னொரு சுண்டு அரிசி களைந்து அடுப்பில் வைத்தேன்.